1920-ல் எண்ணப்பட்ட 101 பேருக்கு ஒரு மடல்

அன்பார்ந்த நூற்றியொரு பேருக்கும் வணக்கம்.

பெயர் சொல்லி அழைக்காமல் எண்ணைச் சொல்லி அழைக்கிறேன். உலகம் உங்களை நெடுங்காலம் அந்த எண்ணால் மட்டும்தான் அறிந்திருந்தது. 1920 ஜனவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர் உங்கள் வாசலுக்கு வந்தார். பெயர், வயது, நிறம், எழுதப் படிக்கத் தெரியுமா, குடியிருப்பது சொந்த வீடா வாடகையா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், தாளின் வலது ஓரத்துக் கட்டத்துக்கு வந்ததும் என்ன தொழில் என்றார். போட்டோகிராபர் என்றீர்கள். எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுப் படியேறிவிட்டார். அப்படிச் சொன்ன கறுப்பினப் பெண்கள் அமெரிக்கா முழுக்க 101 பேர் என்று கணக்கு வந்தது.

எங்கள் பக்கம் 101 கல்யாண வீட்டு மொய். மொய் நோட்டில் தொகையோடு பெயர் இருக்கும், ஊர் இருக்கும், இன்னார் மகன் என்பதும் இருக்கும். உங்கள் விஷயத்தில் தொகை மட்டும் அச்சேறியது. பெயர் எழுதிய தாள்களை 72 ஆண்டுகளுக்கு வெளியார் பார்க்கக் கூடாது என்பது அந்த நாட்டு விதி. 1992-ல்தான் அந்தக் கட்டுகளை அவிழ்த்தார்கள். அதற்கு முன்பே உங்களைத் தேடிக் கிளம்பியவர்கள் இருந்தார்கள். அவர்கள் யார், என்ன கண்டார்கள் என்று உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே இந்த மடல். நீங்கள் போன பிறகு நடந்தவை இவை.

தேடியவர்களில் ஒருவர் பெயரைக் கேட்டால் தமிழர் எவரும் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார்: ஜீன் முத்துசாமி ஆஷ். 1951-ல் சிகாகோவில் பிறந்த கறுப்பினப் புகைப்படக்காரர். தந்தைவழிப் பாட்டனார் கரீபியக் கடலின் குவாதலூப் தீவைச் சேர்ந்த இந்திய வம்சாவளியினர். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அந்தத் தீவில் 1848-ல் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1854 முதல் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேற்றப்பட்ட ஒப்பந்தக் கூலிகள் அங்கே போய் இறங்கினார்கள். முத்துசாமி என்ற பெயர் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் அங்கே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. இதைச் சொல்லும்போதே ஒரு கூச்சம் எனக்கு. ‘நம்ம ஆளு’ என்று மாலை போடக் கிளம்பிவிட்டால் அவர் செய்த வேலை பின்னுக்குப் போய்விடும். அவர் தேடிப் போனது உங்களைத்தான்.

ஜீனின் அப்பா ஜான் முத்துசாமி கட்டடக் கலைஞர். கறுப்பர்களின் வீட்டு இதழ்களான ‘எபனி’, ‘ஜெட்’ ஆகியவற்றை நடத்திய ஜான்சன் நிறுவனத்துக்குச் சிகாகோவின் மிச்சிகன் அவென்யூவில் 1971-ல் எழுந்த கட்டடம் அவருடைய வரைபடம். மகள் நியூயார்க்கின் கூப்பர் யூனியனில் புகைப்படம் படித்தார். 1976-ல் ஒரு நிதி திரட்டும் நிகழ்ச்சியைப் படமெடுக்கப் போன இடத்தில் டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு கல்யாணம். பிற்பாடு வந்த மகளுக்குக் ‘கேமரா’ என்றே பெயர் வைத்தார்கள். தொழில் மேல் எவ்வளவு பற்று என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். தென் கரோலினாக் கரையோரத்து டஃபஸ்கி தீவில் மிஞ்சியிருந்த கல்லா என்னும் கறுப்பினச் சமூகத்தாரை அவர் எடுத்த படங்கள் 1982-ல் புத்தகமாயின. அதற்கு நாலு ஆண்டு கழித்து, 1986-ல், ‘வியூஃபைண்டர்ஸ்’ வந்தது. கறுப்பினப் பெண் புகைப்படக்காரர்களின் வரலாறு என்று சொல்லிக்கொண்டு வந்த முதல் முழுப் புத்தகம் அதுதான்.

ஆண்டைக் கவனித்தீர்களா? 1986. உங்கள் பெயர்கள் இருந்த தாள்கள் அப்போது பூட்டிக் கிடந்தன. எண் வெளியே, பெயர் உள்ளே. மிச்சத்தைப் பழைய நகர விலாசப் புத்தகங்களிலும் நாளிதழ் விளம்பரங்களிலும் குடும்பங்களின் அலமாரிகளிலும்தான் பொறுக்க வேண்டியிருந்தது. 1866-ஆம் ஆண்டு ஹூஸ்டன் நகர விலாசப் புத்தகத்தில் மேரி இ. வாரன் என்ற கறுப்பினப் பெண், புகைப்படப் பிரிண்ட் போடுபவர் என்று பதிவாகியிருக்கிறார். உள்நாட்டுப் போர் முடிந்து ஒரே ஆண்டுதான் ஆகியிருந்தது. அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த ஈரம் காயவில்லை. அதற்குள் ஒரு பெண் இருட்டறையில் நின்று அடுத்தவர் முகங்களைக் காகிதத்துக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தாள். உங்கள் கொடிவழி அங்கிருந்தாவது தொடங்குகிறது.

ஜீனுக்கு ஒரு சகபயணி இருந்தார். டெபோரா வில்லிஸ், 1948-ல் பிறந்த ஃபிலடெல்ஃபியாக்காரர். அவர் அம்மா நடத்திய அழகு நிலையத்தில் புரட்டிய இதழ்களிலும் புத்தகங்களிலும் கறுப்பர்களின் படங்களைப் பார்த்து வளர்ந்தவர். 1970-களில் கலைக் கல்லூரிக்குப் போனால், பாடப்புத்தக வரலாற்றில் கறுப்புப் புகைப்படக்காரர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஏன் என்று கேட்டார். அதே கல்லூரியில் ஓர் ஆசிரியர், நல்ல ஆண்பிள்ளை ஒருவனுக்குக் கிடைக்க வேண்டிய இடத்தை நீ அடைத்துக்கொண்டிருக்கிறாய், எப்படியும் கல்யாணம் செய்து பிள்ளை பெறப்போகிறவள்தானே என்ற பொருளில் பேசியதை வில்லிஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பிள்ளையும் பெற்றார். வயிற்றுப் பிள்ளையோடு தன்னைத்தானே படமெடுத்து, அந்தப் பேச்சுக்குப் பதிலாகவே அதைப் பிற்காலத்தில் காட்சிக்கு வைத்தார். அந்தப் பிள்ளை ஹாங்க் வில்லிஸ் தாமஸ் இன்று பெயர்பெற்ற கலைஞர். கல்லூரிக் கட்டுரையாக எழுதத் தொடங்கிய கேள்வி வளர்ந்து, 1840 முதல் 1940 வரையிலான கறுப்புப் புகைப்படக்காரர்களின் தொகுப்பாக 1985-ல் வெளிவந்தது. ஓராண்டு இடைவெளியில் இரண்டு பெண்கள், இரண்டு புத்தகங்கள்.

உங்களைக் காணாமல் போக்கியது எது என்று யோசித்துப் பார்க்கிறேன். நிறவெறி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். அது உண்மைதான், ஆனால் பாதிதான். புகைப்படத்தின் வரலாற்றை எழுதியவர்கள் மேதைகளைத் தேடினார்கள். புதிய பார்வையைக் கொண்டுவந்தவர் யார், யாருடைய படம் அருங்காட்சியகச் சுவருக்கு உரியது, யாருக்கு யார் குரு என்றெல்லாம் விசாரித்தார்கள். நீங்களோ கடை வைத்திருந்தீர்கள். முதல் நற்கருணைக்கு வெள்ளை உடுப்பில் வந்த பிள்ளை, பட்டம் வாங்கிய பையன், புது மாப்பிள்ளையும் பெண்ணும் என்று வந்தவர்களை உட்காரவைத்து, விளக்கைத் திருப்பி, நெகட்டிவ் கழுவி, டச்சிங் செய்து, பிரிண்ட் போட்டு, அட்டையில் ஒட்டிக் கொடுத்துக் காசு வாங்கினீர்கள். கறுப்புத் தோலின் பளபளப்பும் நிழலும் வெளிறாமல் படத்தில் இறங்க வேண்டுமானால் விளக்கை எங்கே வைக்க வேண்டும் என்பது உங்கள் கைக்குத் தெரிந்திருந்தது. பத்திரிகைக் கேலிச் சித்திரங்களில் தடித்த உதடும் பிதுங்கிய கண்ணுமாகத் தங்களைப் பார்த்துச் சலித்த ஒரு சமூகம், உங்களிடம் வந்து நேராக நிமிர்ந்து உட்கார்ந்தது. அதைக் கலை என்று எவரும் பேரேட்டில் ஏற்றவில்லை. கணக்கெடுப்பாளர் கேட்டது மட்டும் வேறு: பிழைப்புக்கு என்ன செய்கிறீர்கள்? கூலிக்கா, சொந்தக் கணக்கிலா என்றுகூடக் கேட்டார், அதற்கும் தாளில் ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கேள்விக்குத்தான் நீங்கள் அகப்பட்டீர்கள். அரசாங்கப் படிவத்தைப் பாராட்டி எழுத எனக்குக் கை வராது. இந்த ஒருமுறை எழுதுகிறேன். அதே ஆண்டு ஆகஸ்டில் பெண்களுக்கு வாக்குரிமை தந்த அரசு, தென் மாநிலங்களில் உங்களை வாக்குச்சாவடிப் பக்கம் அண்டவிடாமல் விரட்டியபோது கைகட்டி நின்றது என்பதையும் மறக்காமல்தான் எழுதுகிறேன்.

உங்களில் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். நியூ ஆர்லியன்ஸில் இந்தக் கணக்கில் அகப்பட்டவர் அவர் ஒருவர்தான்: ஃப்ளோரஸ்டீன். 1895-ல், ஐரோப்பிய-ஆப்பிரிக்கக் கலப்பு வழிவந்த கிரியோல் குடும்பத்தில் பிறந்தவர், கொத்தனாரின் மகள். வீட்டுக்குச் சம்பாதிக்க வேண்டிப் படிப்பை நிறுத்தியபோது வயது 14. நிறம் வெளுப்பு. அதனால் வெள்ளைக்காரப் பெண்ணாகக் காட்டிக்கொண்டு வெள்ளையர்களின் ஸ்டுடியோக்களில் எடுபிடியாக நுழைந்து வேலையைக் கற்றார். யாராவது தெரிந்தவர் தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும், வேலை போய்விடும். அந்தப் பயத்தோடு இருட்டறையில் நின்றிருக்க வேண்டும். பிறகு கல்யாணம். மனைவி வெளியே வேலைக்குப் போவது கணவர் பெர்ட்ராண்டுக்குப் பிடிக்கவில்லை. ஆகவே 1920-ல் வீட்டுக் கூடத்தையே ஸ்டுடியோவாக்கினார். கற்றது அவர், எடுத்தது அவர். கடைக்குப் பெயர் மட்டும் பெர்ட்ராண்ட் ஸ்டுடியோ.

ஆனால் வியாபாரம் தெரிந்தவர். குழந்தைப் படம் என்றால் பெண் எடுத்தால்தான் நன்றாக வரும் என்று தாய்மார்கள் நினைப்பதைக் கண்டுகொண்டு, பத்திரிகை விளம்பரத்தில் தன் முகத்தையே போட்டார். வெள்ளைக்காரியாக ஒளிந்து வேலை கற்றவர், பத்து ஆண்டுக்குள் கறுப்பர்களின் ஊரில் தன் முகத்தைக் காட்டி வாடிக்கையாளரை அழைக்கிறார். ஃப்ளோரஸ்டீன் எடுத்த படங்கள் ஒவ்வொன்றையும்விட இந்த விளம்பரம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிறகு அந்தக் கணவரைப் பிரிந்து காலின்ஸ் என்பவரை மணந்தார். 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தைக் கடை தாக்குப்பிடித்தது. இரண்டாம் உலகப் போர் வந்தபோது, சீருடையில் கடல் கடக்கும் முன் அம்மாவுக்கு ஒரு படம் கொடுத்துவிட்டுப் போக வந்த பையன்களால் கடை நிறைந்தது. 1949 வரை நடத்தினார். 1988-ல் காலமானார். அவருடைய தம்பி தங்கை வழிப் பேத்திமுறை உறவான ஆர்த்தே ஆந்தனி எழுதிய வரலாறு 2012-ல் புத்தகமாக வந்தது. உங்களில் ஒருவருக்காவது முழுப் புத்தகம் வாய்த்தது, அதுவும் வீட்டுப் பிள்ளை எழுதியதால்.

1922-ல் உங்கள் வரிசையில் இன்னொருவர் வந்து சேர்ந்தார். எலீஸ் ஃபாரஸ்ட் ஹார்ல்ஸ்டன், தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகர். நியூயார்க்கில் புகைப்படப் பள்ளியில் படித்து, பிறகு டஸ்கீகி கல்வி நிறுவனத்தில் புகைப்படக்காரர் சி. எம். பேட்டியிடம் தேர்ச்சி பெற்றவர். கணவர் எட்வின் ஓவியர். இருவருமாக கல்ஹவுன் தெருவில் ஸ்டுடியோ திறந்தார்கள். எலீஸ் படமெடுப்பார், அதைப் பார்த்து எட்வின் எண்ணெய் வண்ணத்தில் உருவப்படம் தீட்டுவார். மணிக்கணக்கில் அசையாமல் உட்கார நேரமில்லாத உழைப்பாளிகளுக்கு இது வசதி. ஓவியத்தின் அடியில் கையெழுத்து எட்வினுடையது. ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழ வேண்டும், தலை எவ்வளவு சாய வேண்டும் என்பதில் பாதியைத் தீர்மானித்த கை எலீஸுடையது. 1931-ல் எட்வின் இறந்தார். எலீஸ் கேமராவை விட்டார். ஓவியங்கள் அருங்காட்சியகத்துக்குப் போயின. கண்ணாடி நெகட்டிவ்கள் குடும்பத்தோடு கிடந்தன.

அதே மாநிலத்தின் தலைநகர் கொலம்பியாவில் ரிச்சர்ட் சாமுவேல் ராபர்ட்ஸ் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஸ்டுடியோ நடத்தினார். மனைவி வில்ஹெல்மினா கூடமாட நின்று கடையை நடத்தினார். 1977-ல் வீட்டின் அடியிலிருந்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட கண்ணாடி நெகட்டிவ்கள் கிடைத்தன. தென் மாநிலக் கறுப்பு நடுத்தர வர்க்கத்தின் முகங்கள் அவ்வளவும். உலகம் வியந்தது. வியப்பு முழுவதும் ராபர்ட்ஸ் பெயருக்குப் போனது. இன்னொரு மனைவியின் கதையும் இப்படித்தான்: எஸ்லாண்டா ராப்சன் என்றால் பாடகர் பால் ராப்சனின் மனைவி என்பார்கள். அவர் மானுடவியல் படித்தவர், 1936-ல் சின்ன மகனைக் கூட்டிக்கொண்டு ஆப்பிரிக்காவுக்குப் போய்த் தானே படமெடுத்து, 1945-ல் புத்தகமாக வெளியிட்டவர் என்பது இரண்டாவது வாக்கியமாகவே வரும், வந்தால்.

ஒரு விஷயத்தில் நீங்கள் வருந்த வேண்டாம். உங்களுக்குப் பின் கை ஓயவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் சார்லட்டா பாஸ் நடத்திய ‘கலிஃபோர்னியா ஈகிள்’ வார இதழுக்காக 1940-களில் வேரா ஜாக்சன் திரை நட்சத்திரங்களையும் ஊர்ப் பெரியவர்களையும் படமெடுத்தார். எலிசபெத் வில்லியம்ஸ் 1944-ல் பெண்கள் ராணுவப் படையில் சேர்ந்து ராணுவப் புகைப்படக்காரரானார். ஹூஸ்டனில் லூயீஸ் மார்ட்டின் தன் பெயரிலேயே ஸ்டுடியோ வைத்தார். 1968-ல் மார்ட்டின் லூதர் கிங்கின் இறுதிச் சடங்குக்குத் தன் ஊர்க் கறுப்பர் பத்திரிகைகளுக்காகக் கேமராவோடு போனார். அன்று அதே இடத்தில் ‘எபனி’யின் மொனீட்டா ஸ்லீட் எடுத்த கொரெட்டா கிங்கின் படம் அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு வாங்கியது. தகுதியான படம், மறுப்பில்லை. அன்று அங்கே ஒரு கறுப்பினப் பெண்ணும் கேமராவோடு நின்றாள் என்பதை நான் அறிந்தது ஜீனின் புத்தகம் வழியாக வந்த தடத்தில்தான்.

கடலுக்கு அப்பால், உங்கள் மூதாதையரைக் கப்பலேற்றிய கரையில், அக்ராவில் ஃபெலிஷியா அபான் 1950-களில் கடை திறந்தார். தொழில் கற்றது அப்பாவிடம். கானாவின் முதல் அதிபர் குவாமே நுக்ருமாவைப் படமெடுத்தவர். விருந்துக்குக் கிளம்புமுன் நன்றாக உடுத்திக்கொண்டு, தன் ஸ்டுடியோவில் தன்னையே ஒரு படம் எடுத்துவிட்டுத்தான் போவார். கடைக்கு அதுவே விளம்பரம். நியூ ஆர்லியன்ஸ் ஃப்ளோரஸ்டீனை அவர் கேள்விப்பட்டிருக்க வழியில்லை, ஆனால் யோசனை ஒன்றுதான். 2019-ல் வெனிஸ் கலைவிழாவில் கானா முதன்முதலாக அரங்கு அமைத்தபோது அந்தப் படங்கள் அங்கே தொங்கின. 2024 ஜனவரியில் காலமானார்.

மிங் ஸ்மித் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே எனக்கு ஒரு சச்சரவு உண்டு. 1963-ல் நியூயார்க்கில் கறுப்புப் புகைப்படக்காரர்கள் அமைத்த கமோயிங்கே குழுவில் சேர்ந்த முதல் பெண் அவர். 1970-களின் இறுதியில் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தன் படங்களைக் கொடுக்கப் போனபோது, வரவேற்பில் இருந்தவர் அவரைப் பொட்டலம் கொண்டுவந்த ஆள் என்று நினைத்துக்கொண்டார். படங்களை வாங்கிக்கொண்டார்கள். அந்த அருங்காட்சியகம் வாங்கிய முதல் கறுப்பினப் பெண் புகைப்படக்காரர் என்று இன்றுவரை மிங் ஸ்மித் பெயரோடு ஒட்டிக்கொண்டே வருகிறது அந்தப் பட்டம். அந்த அருங்காட்சியகத்தின் புகைப்படப் பிரிவு தொடங்கியது 1940-ல். ‘முதல்’ என்ற பட்டம் மிங் ஸ்மித்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை, அந்தக் கட்டடத்தைப் பற்றித்தான் சொல்கிறது. 1920-லேயே நீங்கள் 101 பேர் இருந்தபோது, ஒவ்வொரு பத்தாண்டும் ஒரு ‘முதல்’ பெண்ணைக் கண்டுபிடித்துக் கைதட்டுவது எனக்கு எரிச்சல் தருகிறது. ஒவ்வொரு முதலும் முன்னால் இருந்தவர்களை இன்னொருமுறை அழிக்கிறது. 2023-ல் அதே இடத்தில் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தார்கள். அதை வரவேற்கிறேன்.

உங்களுக்கு முந்தைய கதை ஒன்றைக் கடைசிக்கு வைத்திருந்தேன். 1850-ல் அதே கொலம்பியா ஊரில் ஜே. டி. ஜீலி என்பவரின் ஸ்டுடியோவுக்கு ஏழு அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். ஹார்வர்டு பேராசிரியர் லூயி அகாசி, கறுப்பர் வேறு இனம் என்ற தன் கொள்கைக்குச் சான்று வேண்டினார். ரென்டி, அவர் மகள் டெலியா, ட்ரானா என்ற இன்னொரு பெண் உட்பட எல்லோரையும் உடை களைந்து நிற்க வைத்து எடுத்தார்கள். பதினாலு ஆண்டு கழித்து, 1864-ல், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த சோஜர்னர் ட்ரூத் தன் உருவப்படத்துக்கான காப்புரிமையைத் தன் பெயரிலேயே பதிவு செய்தார். புகைப்படக்காரர்தான் உரிமை கோருவது அன்றைய வழக்கம். எழுதப் படிக்கத் தெரியாதவர், தன் படத்தைக் கூட்டங்களில் விற்றுச் செலவுக்குப் பணம் சேர்த்தார். கேமராவைத் தொடாமலே உங்கள் தொழிலின் வணிகத்தை அவர் புரிந்துவைத்திருந்தார்.

டெலியாவின் படம் ஹார்வர்டின் பீபடி அருங்காட்சியகப் பரணில் 1976-ல் அகப்பட்டது. 1990-களில் கேரி மே வீம்ஸ் என்ற கறுப்பினப் பெண் கலைஞர் அந்தப் படங்களைச் சிவப்பு நிறத்தில் அச்சிட்டு, மேலே தன் வாசகங்களைப் பொறித்து, பார்க்கிறவர் கூசும்படி ஒரு வரிசை செய்தார். வழக்குப் போடுவோம் என்று பல்கலைக்கழகம் மிரட்டியது. போடுங்கள், ஊரறியப் பேசுவோம் என்கிற தோரணையில் அவர் நின்றார். வழக்கு வரவில்லை. ரென்டியின் வழித்தோன்றல் என்று கூறி டமாரா லேனியர் 2019-ல் வேறொரு வழக்குத் தொடுத்தார். ஆறு ஆண்டு இழுத்தடிப்புக்குப் பிறகு, 2025 மே மாதம், படங்களை விட்டுக்கொடுக்க ஹார்வர்டு ஒப்புக்கொண்டது. அவை போய்ச் சேர வேண்டிய இடம் சார்ல்ஸ்டனில் 2023-ல் திறந்த சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம். ஆம், எலீஸின் ஊர்.

டெலியாவின் படத்தை அங்கே சுவரில் மாட்டுவார்களா, பெட்டிக்குள்ளேயே மரியாதையோடு வைப்பார்களா என்பது அவர்கள் முடிவு. ரென்டியின் சந்ததியார் சொல்லும் சொல்லுக்கு அதில் முதலிடம். மாட்டுவதானால், உள்ளூர்க்காரியான எலீஸ் எடுத்த ஒரு படமும் எலீஸின் பெயரிலேயே அதே அறையில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்குப் பக்கத்தில் உங்கள் 1920 தாள்களின் நகல்களையும் வைக்கலாம். இப்போது அவை பூட்டில் இல்லை. தொழில் என்ற கட்டத்தில் விரல் வைத்து, இடது பக்கம் நகர்த்திக்கொண்டே போனால் உங்கள் ஒவ்வொருவரின் பெயரும் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் படங்களைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு தமிழ் வாசகி